பிழையே இல்லாத பொறி காலியாகத்தான் இருக்கும்: பூமியைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் மாட்டுவதும் தப்புவதும்

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளில், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி ஒன்று இருந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வான் ஆலனின் குழு செய்து கொடுத்தது. செயற்கைக்கோள் தாழ்வாகப் பறக்கும்போது கருவி எதிர்பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தது. உயரப் போனதும் பூஜ்யம். துகளே இல்லையா, கருவி கெட்டுப்போய்விட்டதா? இரண்டும் இல்லை. கைகர் குழாய் ஒரு துகளை எண்ணி முடித்ததும் கண நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அந்த ஓய்வுக்குக்கூட இடம் கொடுக்காமல் துகள்கள் கொட்டினால் அது எண்ணுவதையே விட்டுவிடும். மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர் 3 பதிவு நாடாவோடு போனதால் முழுச் சுற்றின் அளவீடும் கிடைத்தது. அதே குழுவின் கார்ல் மெக்கில்வெய்ன் ஆய்வகத்தில் ஒரு குழாய்க்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். அதுவும் பூஜ்யம்தான் காட்டியது. ஆக, அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் "நிரம்பி வழிகிறது" என்பது. 1958 மே 1 அன்று இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

பூமியைச் சுற்றி ஆற்றல் மிக்க மின்துகள்கள் நிரம்பிய இந்த வளையங்களை இன்று வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் என்கிறோம். பூமிக்குக் கிட்டே இருப்பது உட்பட்டை, அதைத் தாண்டி இருப்பது வெளிப்பட்டை. பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் என்ன நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். "பூமியின் காந்தப் புலம் ஒரு கேடயம், சூரியனிலிருந்து வருவது அதில் மோதி ஒட்டிக்கொள்கிறது" என்பது ஒன்று. "காந்தப் புயல் வந்தால் பட்டை நிரம்பும்" என்பது இன்னொன்று (சூரியனிலிருந்து வரும் வீச்சு பூமியின் காந்தப் புலத்தைக் கலக்குவதே காந்தப் புயல்). "பட்டையிலிருந்து கொட்டுவதுதான் துருவ ஒளி" என்பது மூன்றாவது. மூன்றிலும் துளி உண்மை இருக்கிறது, மூன்றுமே தவறான படத்தை மனதில் பதித்துவிடுகின்றன. நல்ல பள்ளிப் பாடங்களில்கூட இந்தக் கேடயப் படம் வருவதால்தான் இதை முதலிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு எதுவும் வேண்டாம், கல்லும் கயிறும் கிண்ணமும் ஊஞ்சலும் தெரிந்தால் போதும்.

## முதலில், யார் இந்த எலெக்ட்ரான்?

நாம் பேசப்போவது சாதாரண எலெக்ட்ரான் இல்லை, ஆற்றல் மிக்க எலெக்ட்ரான். இதை அளக்க எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு வோல்ட் மின்னழுத்த வித்தியாசத்தைக் கடக்கும்போது ஓர் எலெக்ட்ரான் பெறும் ஆற்றல். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர். அதில் வரும் எலெக்ட்ரான்களுக்குப் பெரும்பாலும் 10 எலெக்ட்ரான் வோல்ட் அளவில்தான் ஆற்றல். வெளிப்பட்டையில் சுற்றுபவற்றுக்கோ 10 லட்சம், அதற்கு மேலும் உண்டு. 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்றால் ஒளியின் வேகத்தில் 94 சதவீதம், விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 82 ஆயிரம் கி.மீ. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் பூமியிலிருந்து கிளம்பி ஒன்றரை விநாடிக்குள் நிலாவைத் தாண்டிவிடும்.

இவ்வளவு வேகமாக ஓடும் ஒன்று நாள்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில்கூட, பூமியைவிட்டுப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. புவியீர்ப்பு பிடித்துவைக்கவில்லை. இந்த வேகத்துக்கு முன்னால் புவியீர்ப்பு ஒன்றுமே இல்லை. அப்படியானால் எது?

## முதல் தாளம்: சுழல்வது

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள். கயிறு கல்லை நடுவை நோக்கித்தான் இழுக்கிறது. முன்னாலும் தள்ளுவதில்லை, பின்னாலும் இழுப்பதில்லை. அதனால் கல்லின் வேகம் மாறுவதில்லை, திசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

காந்தப் புலம் எலெக்ட்ரானுக்குச் செய்வதும் இதேதான். ஓடும் எலெக்ட்ரானை அது பக்கவாட்டில் மட்டும் தள்ளும், எதிரே நின்று மறிக்காது. காந்தப் புலக் கோடு என்பது அந்தந்த இடத்தில் புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் கற்பனைக் கோடு. அந்தக் கோட்டை நடுவில் வைத்து எலெக்ட்ரான் சுழல்கிறது. கோட்டின் திசையிலேயே ஓட நினைத்தால் புலம் தலையிடாது, விட்டுவிடும். ஆக, சுழன்றுகொண்டே கோட்டின் வழியாகவும் ஓடும், சுருள்கம்பி மாதிரி.

புவிநிலை செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்தை, அதாவது ஏறத்தாழ 36,000 கி.மீ., எடுத்துக்கொள்வோம். அங்கே நம் 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆசாமி ஒரு சுழற்சிக்கு எடுத்துக்கொள்வது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வட்டத்தின் ஆரம் சுமார் 44 கி.மீ. பூமியின் அளவோடு ஒப்பிட்டால் இது நூலைச் சுற்றி ஈ பறப்பது போலத்தான். கேடயம் என்ற சொல்லை நான் தவிர்ப்பதும் இதனால்தான். கேடயத்தில் பட்டது தெறித்துப் போகும் அல்லது ஒட்டும். இங்கே இரண்டும் இல்லை, திசை திரும்பிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவே.

## இரண்டாம் தாளம்: வடக்கும் தெற்கும்

சரி, கோட்டின் வழியாக ஓடலாம் என்றால், பூமியின் காந்தக் கோடுகள் இரு துருவப் பக்கமும் பூமிக்குள்தானே இறங்குகின்றன? அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து வளிமண்டலத்தில் விழுந்துவிடாதா?

விழாமல் காப்பது கோடுகள் நெருங்கும் விதம். நடுக்கோட்டுக்கு மேலே உயரத்தில் கோடுகள் விலகி விலகி இருக்கும், புலம் பலவீனம். துருவங்களை நோக்கி இறங்க இறங்க அவை புனல் போல நெருங்கும், புலம் வலுக்கும். புனலுக்குள் சுழலும் எலெக்ட்ரானைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அதன் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் கோடுகள் நேராக இல்லை, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. காந்த விசை எப்போதும் கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். கோடு சாய்ந்தால் விசையும் சாய்கிறது, எப்பக்கம் என்றால் புனலின் அகன்ற வாயைப் பார்த்து. வட்டத்தின் எந்தப் புள்ளியில் நின்றாலும் இந்தச் சின்னப் பின்தள்ளல் உண்டு. சுழற்சிக்குச் சுழற்சி அது சேர்ந்துகொண்டே போய், முன்னோக்கி ஓடிய வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

மொத்த வேகம் குறைவதில்லை என்று சொன்னோமே, அந்த வேகம் எங்கே போகிறது? சுழற்சிக்குப் போகிறது. முன்னேற்றம் குறையக் குறையச் சுழற்சி கூடுகிறது. ஒரு கட்டத்தில் முழுவதும் சுழற்சியாகிவிடும், முன்னேற்றம் நின்றுவிடும், பின்தள்ளலோ தொடரும், ஆகவே திரும்பி ஓடும். கிண்ணத்தில் உருட்டிவிட்ட கோலிக்குண்டு ஒரு பக்கச் சரிவில் ஏறி, வேகம் இழந்து, நின்று, மறுபக்கம் உருள்வதை இதோடு பொருத்திப் பார்க்கலாம். குண்டுக்கு ஓட்டம் உயரமாக மாறுகிறது, எலெக்ட்ரானுக்கு ஓட்டம் சுழற்சியாக மாறுகிறது.

இந்தத் திருப்பத்துக்குக் காந்த ஆடி, அதாவது காந்தக் கண்ணாடி, என்று பெயர், திரும்பும் இடம் ஆடிப்புள்ளி. வடக்கே ஓர் ஆடி, தெற்கே ஓர் ஆடி. இரண்டுக்கும் நடுவே எலெக்ட்ரான் போய்வர ஒரு விநாடிகூட ஆகாது.

## மூன்றாம் தாளம்: பூமியைச் சுற்றி

இன்னும் ஒன்று பாக்கி. பூமியின் காந்தப் புலம் பூமிக்குக் கிட்டே வலுவாகவும் தள்ளிப்போனால் பலவீனமாகவும் இருக்கிறது. அதனால் ஒரே சுழற்சிக்குள், பூமியின் பக்கம் வளைவு கொஞ்சம் இறுக்கமாகவும் வெளிப்பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் விழும். அரை வட்டம் சின்னது, அரை வட்டம் பெரியது, முனைகள் ஒட்டாது. ஒரு காலை எட்டியும் மறுகாலைக் குறுக்கியும் வைத்து நடப்பவர் நேரே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போவாரே, அந்த மாதிரி எலெக்ட்ரான் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. புரோட்டான் நேரெதிர், மேற்கே போகும்.

அதே 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். இந்த 10 நிமிடத்தில், எல்லாச் சுருள்களையும் அவிழ்த்து நீட்டினால், எலெக்ட்ரான் உண்மையில் ஓடிய தூரம் ஏறத்தாழ 17 கோடி கி.மீ. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே 15 கோடிதான். அவ்வளவு ஓடியும் அது கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது! முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது பிழை என்று நினைத்து மறுபடி போட்டேன்.

இதுவரை பார்த்தது: சுழல்வது ஆயிரத்தில் ஒரு விநாடி, வடக்கு தெற்காகப் போய்வருவது அரை விநாடியிலிருந்து முக்கால் விநாடி, பூமியைச் சுற்றுவது 10 நிமிடம். மூன்று தாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பல நூறு மடங்கு மெதுவானது. மாட்டிக்கொள்வது என்பதற்கு இங்கே அர்த்தம், எலெக்ட்ரான் இந்த மூன்றையும் தப்பாமல் தொடர்கிறது என்பதே.

## தப்பிக்க வேகம் போதாது, கோணம் வேண்டும்

எலெக்ட்ரான் நடுக்கோட்டைக் கடக்கும்போது அதன் பாதைக்கும் காந்தக் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சாய்வுக் கோணம் என்போம். கோணம் பெரிதாக இருந்தால் சுழற்சியில் ஏற்கெனவே நிறைய வேகம் இருக்கிறது, முன்னேறக் கொஞ்சமே மிச்சம், சீக்கிரம் திரும்பிவிடும். கோணம் சிறிதாக இருந்தால் கோட்டை ஒட்டி நேராகப் பாய்கிறது, ஆடிப்புள்ளி வருவதற்குள் ஆழமாக இறங்கிவிடும். ஆடிப்புள்ளி தரையிலிருந்து சுமார் 100 கி.மீ.க்குக் கீழே போய்விட்டால் அங்கே காற்று இருக்கிறது. மோதி ஆற்றலை இழந்து காணாமல் போகும்.

இந்த ஆபத்தான சிறு கோணங்கள் எல்லாம் சேர்ந்து கோட்டைச் சுற்றி ஒரு கூம்பு வடிவில் அமைகின்றன, இதற்கு இழப்புக் கூம்பு என்று பெயர். இது எவ்வளவு குறுகியது தெரியுமா? புவிநிலைச் சுற்றுப்பாதை உயரத்தில் வெறும் 2 முதல் 3 பாகை. பூமியின் மையத்திலிருந்து இரண்டு பூமி ஆரத் தொலைவில் 16 பாகை அளவு.

வேகம் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "அதிக ஆற்றல் உள்ளது உடைத்துக்கொண்டு போய்விடும்" என்று சிறைக்கம்பி கணக்காக யோசிப்பது சரிவராது. எத்தனை வேகமானாலும் கோணம் பெரிதாக இருந்தால் உள்ளேதான். மெதுவானதும் கோணம் சிறுத்தால் போய்விடும்.

இதில் பூமிக்கே உரிய ஒரு கோணல் உண்டு. பூமியின் காந்தப் புலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை. பிரேசிலையும் தெற்கு அட்லாண்டிக் கடலையும் ஒட்டிய பகுதியில் குறிப்பாகப் பலவீனம், ஆகவே அங்கே ஆடிப்புள்ளிகள் கீழே இறங்கிவிடுகின்றன. மற்ற எல்லா இடத்திலும் காற்றுக்கு மேலேயே தப்பித்துக்கொண்டு வந்த எலெக்ட்ரான், சுற்றில் இந்தப் பக்கம் வரும்போது காற்றில் தோய்ந்துவிடும். தெற்கு அட்லாண்டிக் முரண் பகுதி என்று இதைச் சொல்வார்கள். இதற்குள் புகும்போது ஹபிள் தொலைநோக்கி வானைப் பார்ப்பதை நிறுத்திவைக்கிறது.

## இங்கேதான் முடிச்சு

மேலே சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒரு சிக்கல் வரும். கூம்புக்குள் இருப்பவை முதல் விநாடியிலேயே விழுந்து தீர்ந்துவிடும், அட்லாண்டிக் பக்கம் விழ வேண்டியவை அடுத்த 10 நிமிடத்தில் தீரும். மிச்சம் இருப்பவை கூம்புக்கு வெளியே இருப்பவை. அவை விழவே விழாதே? மூன்று தாளங்களும் தப்பாமல் ஓடினால் எலெக்ட்ரான் என்றென்றைக்கும் உள்ளேதான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லை என்றால், வெளியே இருப்பது உள்ளே வரவும் வழியில்லை. போகும் பாதையைப் பின்னோக்கி ஓட்டினால் வரும் பாதைதானே. காந்தப் புலம் அசையாமல் இருந்தால் வெளியிலிருந்து வரும் துகள் எட்டவே முடியாத பகுதிகள் உண்டு என்று நார்வேயின் கார்ல் ஸ்டோர்மர் செயற்கைக்கோள் காலத்துக்கு வெகு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். பட்டைகள் இருப்பது கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான்.

பிழையே இல்லாத பொறி காலியாகத்தான் இருக்கும். பட்டை நிரம்பியிருக்கிறது என்பதே எங்கேயோ தாளம் தப்புகிறது என்பதற்குச் சாட்சி. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மாட்டுவது எப்படி, தப்புவது எப்படி என்று இரண்டு கேள்விகளாகத்தான் எல்லோரும் கேட்கிறோம், ஆனால் கேள்வி ஒன்றேதான்: தாளத்தைக் கெடுப்பது எது?

(விதிவிலக்கு இரண்டு உண்டு, சொல்லிவிடுகிறேன். உள்ளேயே பிறந்தால் நுழைய வேண்டியதில்லை. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. மின்னேற்றம் இல்லாததால் காந்தப் புலம் அவற்றைத் தொடாது. தனித்த நியூட்ரான் சராசரியாகச் சுமார் 15 நிமிடத்தில் சிதையும், அது பட்டைக்குள் நடந்தால் புரோட்டானும் எலெக்ட்ரானும் அங்கேயே மாட்டும். உட்பட்டையின் ஆற்றல் மிக்க புரோட்டான்களுக்கு முக்கிய ஊற்று இதுதான். இன்னொன்று மனிதன் செய்தது: 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்ற 1.4 மெகாடன் அணுகுண்டைப் பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் வெடித்துப் பார்த்தது. குண்டின் சிதறல்கள் உமிழ்ந்த எலெக்ட்ரான்கள் ஒரு செயற்கைப் பட்டையாகச் சுற்றின. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் 1 உட்படப் பல செயற்கைக்கோள்கள் அதில் அடிவாங்கின. அந்த எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி வருடக்கணக்கில் போகவே இல்லை.)

## தாளத்தைக் கெடுப்பவை

ஊஞ்சலில் ஒரு குழந்தை ஆடுகிறது. கண்ட நேரத்தில் சும்மா தட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. ஊஞ்சல் வந்து திரும்பும் அதே கணத்தில் ஒவ்வொரு முறையும் லேசாகத் தட்டுங்கள், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தட்டும் வேகமும் ஆடும் வேகமும் பொருந்துவதை ஒத்திசைவு என்பார்கள்.

காந்த மண்டலம், அதாவது பூமியின் காந்தப் புலம் ஆட்சி செய்யும் மொத்த வெளி, வெற்றிடம் இல்லை. எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாக மிதக்கும் மெல்லிய பிளாஸ்மா அதில் நிறைந்திருக்கிறது. பிளாஸ்மாவில் அலைகள் ஓடும். மின்புலமும் காந்தப் புலமும் சேர்ந்து அதிரும் அலைகள். அந்த அதிர்வு எலெக்ட்ரானின் ஏதாவதொரு தாளத்தோடு பொருந்திவிட்டால் ஊஞ்சல் கதைதான். மெதுவாக மாறும் புலத்தை எலெக்ட்ரான் அனுசரித்துக்கொள்ளும், தாளத்தின் வேகத்திலேயே மாறும் புலத்தை அதனால் அனுசரிக்க முடியாது.

சுழற்சியோடு பொருந்தும் அலைகள் விநாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை அதிர்பவை. இவற்றில் முக்கியமானது கூட்டிசை அலை. வானொலி வாங்கியில் பிடித்து ஒலிபெருக்கியில் விட்டால் விடியற்காலையில் பறவைகள் கத்துவது போலவே கேட்கும், பூமியின் விடியல் பக்கத்தில் அதிகம் கிளம்புவதும் உண்மை. இந்த அலையை உண்டாக்குவது யார் என்றால், பூமியின் இரவுப் பக்கத்திலிருந்து புயல் நேரத்தில் உள்ளே தள்ளப்படும், சில ஆயிரம் முதல் பத்தாயிரக்கணக்கான எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட நடுத்தர எலெக்ட்ரான்கள். அவை தம் ஆற்றலில் கொஞ்சத்தை அலைக்குக் கொடுக்கின்றன, அலை அதைக் கொண்டுபோய் வேறு சில எலெக்ட்ரான்களுக்கு ஊட்டுகிறது. நிறையப் பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சிலருக்குக் கொட்டிக் கொடுப்பது போல. சூரியக் காற்றின் 10 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் பட்டையின் 10 லட்சத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்புவதில் பெரும்பங்கு இதற்குத்தான். 2012 ஆகஸ்ட் 30 அன்று நாசா ஏவிய வான் ஆலன் இரட்டை ஆய்வுக்கலங்கள், எலெக்ட்ரான்கள் வெளியிலிருந்து வந்து சேராமல் பட்டையின் நடுவிலேயே முடுக்கப்படுவதை அளந்து காட்டின.

அதே கூட்டிசை அலை ஆளையும் விழத்தட்டும். ஒரு தட்டு ஆற்றலைக் கூட்டலாம், இன்னொரு தட்டு சாய்வுக் கோணத்தைக் குறைத்து இழப்புக் கூம்புக்குள் தள்ளலாம். ஒரு விநாடிகூட நீடிக்காத வெடிப்புகளாக எலெக்ட்ரான்கள் காற்றில் விழுவதைச் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. விழும்போது எக்ஸ் கதிர் கிளம்பும். அதைப் பிடிக்க 2013, 2014-இல் அண்டார்டிகாவிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டார்கள்.

இன்னொரு அலை உண்டு, சீறல் அலை. கேட்டால் இசை எதுவும் இல்லை, வெறும் உஸ்ஸென்ற இரைச்சல். பூமியைத் தொட்டடுத்து, பூமியோடு சேர்ந்தே சுழலும் குளிர்ந்த அடர்ந்த பிளாஸ்மா உறைக்குள் இது இருக்கும். யாரையும் முடுக்காது, நாள்கணக்கில் பொறுமையாகக் கோணங்களைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். உட்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் நடுவே எலெக்ட்ரான்கள் அரிதான இடைவெளி ஒன்று இருக்கிறதே, அதைத் தோண்டியதில் பெரும்பங்கு இந்தச் சீறலுக்குத்தான். மின்னலிலிருந்து மேலே கசியும் வானொலி அலைகளும் இந்த வேலையில் கொஞ்சம் பங்கெடுக்கின்றன. தரையில் அடித்த மின்னல் பல ஆயிரம் கி.மீ. உயரத்தில் ஓர் எலெக்ட்ரானின் கோணத்தை மாற்றிக் காற்றில் விழ வைக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கும்.

அயனிகள் கிளப்பும் மெதுவான அலைகளும் உண்டு. இவை பல பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட மிகப் பலசாலிகளைத் தேடிப்பிடித்துச் சில மணி நேரத்தில் கூம்புக்குள் தள்ளிவிடும்.

மூன்றாம் தாளத்தோடு பொருந்துபவை நிமிடக்கணக்கில் ஒருமுறை அதிரும் பேரலைகள், சூரியக் காற்று காந்த மண்டலத்தை முழுசாக உலுக்கும்போது வருபவை. இவை எலெக்ட்ரானைப் பூமிக்கு அருகிலோ தூரத்திலோ நகர்த்தும். அருகில் நகர்ந்தால் வலுவான புலத்துக்குள் வருகிறது, ஆற்றல் கூடுகிறது. தள்ளிப் போனால் குறைகிறது. சில சமயம் அலைகூட வேண்டாம், ஒரே ஓர் அடி போதும்: 1991 மார்ச் 24 அன்று சூரியனிலிருந்து வந்த அதிர்ச்சி அலை காந்த மண்டலத்தை அழுத்தியதில், சில நிமிடங்களுக்குள் 1 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டிய புதிய பட்டை ஒன்று உருவாகிவிட்டது.

சுருக்கமாக, வேகமான அலைகள் முதல் தாளத்தைக் கெடுத்துக் கோணத்தையோ ஆற்றலையோ மாற்றுகின்றன, மெதுவான பேரலைகள் மூன்றாம் தாளத்தைக் கெடுத்து இடத்தை மாற்றுகின்றன. நுழைவும் முடுக்கமும் இழப்பும் ஒரே ஊஞ்சலை வெவ்வேறு நேரத்தில் தட்டுவதுதான்.

## கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஒரு வாசல்

இழப்பு என்றதும் காற்றில் விழுவதைத்தான் நினைக்கிறோம், இன்னொரு வழி இருக்கிறது. காந்த மண்டலத்துக்கு வெளி எல்லை உண்டு. சூரியனைப் பார்த்த பக்கத்தில் அது வழக்கமாகப் பூமியின் மையத்திலிருந்து 10 பூமி ஆரத் தொலைவில் இருக்கும். சூரியக் காற்று பலமாக அடித்தால் எல்லை உள்ளே அமுங்கும், கடும் புயலில் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் உள்ளே வந்துவிடும். அப்போது 10 நிமிடச் சுற்றில் நிம்மதியாக வந்துகொண்டிருந்த எலெக்ட்ரானின் பாதை, பகல் பக்கத்தில் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சுற்று முடியாது, சூரியக் காற்றோடு போய்விடும். வெளிப்பாதை காலியானதும் பேரலைகள் உள்ளிருப்பதையும் அந்தக் காலி இடத்தை நோக்கி நகர்த்துகின்றன. சில மணி நேரத்தில் வெளிப்பட்டை பெருமளவு காணாமல் போவதற்கு இந்தக் கூட்டணி ஒரு முக்கியக் காரணம்.

## புயல் வந்தால் நிரம்புமா?

கூட்டுவதும் குறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது, எது ஜெயிக்கும் என்பது புயலுக்குப் புயல் மாறும். 1989 முதல் 2000 வரையிலான 276 காந்தப் புயல்களை ஜெஃப் ரீவ்ஸும் உடனாய்வாளர்களும் அலசி 2003-இல் வெளியிட்டார்கள். பாதிக்குச் சற்று மேல் புயல்களில் வெளிப்பட்டை எலெக்ட்ரான்கள் கூடின. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் குறைந்தன. மீதியில் பெரிய மாற்றம் இல்லை. பெரிய புயல் என்றால் கூடும், சின்னது என்றால் குறையும் என்ற ஒழுங்கும் இல்லை.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. பலசாலி எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் தோலைத் துளைத்து உள்ளே கம்பி உறைகளிலும் மின்சுற்றுப் பலகைகளிலும் தங்கி, மின்னேற்றம் சேர்ந்து, ஒருநாள் குட்டி மின்னலாக வெடிக்கும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் இ1, அனிக் இ2 செயற்கைக்கோள்கள் இரண்டும் ஒரே நாளில் கட்டுப்பாட்டை இழந்தன. ஒன்று சில மணி நேரத்தில் மீண்டது, மற்றதை மீட்க மாதங்கள் ஆயின.

துருவ ஒளி பற்றிய தவறையும் இங்கேயே முடித்துவிடலாம். அந்த அழகான பச்சைத் திரைகளை வரைபவை பெரும்பாலும் சில ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் கொண்டவை, பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலிலிருந்து வருபவை. அவை 100 கி.மீ. உயரத்தை ஒட்டியே நின்றுவிடும். பட்டையின் எலெக்ட்ரான்கள் விழுந்தால் இன்னும் ஆழத்துக்கு இறங்கும், அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கி ஓசோனைக் கொஞ்சம் தேய்க்கும்.

எண்ணிக்கை மட்டுமல்ல, வடிவமே மாறலாம். வான் ஆலன் கலங்கள் கருவிகளை இயக்கிய சில நாள்களிலேயே, 2012 செப்டம்பரில், இரண்டு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தெரிந்தன. வெளிப்பட்டையின் வெளிப்பகுதி அடித்துக்கொண்டு போக, உள்விளிம்பில் தப்பிய மிகப் பலசாலி எலெக்ட்ரான்கள் தனி வளையமாக நின்றுவிட்டன, வெளியே புதிதாக ஒரு பட்டை வளர்ந்தது. மிகப் பலசாலிகளைச் சீறல் அலையால் சீக்கிரம் சுரண்ட முடியாததால் அந்த வளையம் ஏறத்தாழ 4 வாரம் தாங்கியது, அப்புறம் சூரியனிலிருந்து வந்த இன்னோர் அதிர்ச்சி அலை அதைக் கலைத்தது.

## குறைந்தது எல்லாம் போனது அல்ல

கடைசியாக ஒரு விஷயம், நிபுணர் அல்லாதவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. காந்தப் புயல் தொடங்கியதும் செயற்கைக்கோளின் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. "எலெக்ட்ரான்கள் கொட்டிவிட்டன" என்று செய்தி வரும். பல நேரம் ஒரு பகுதி எங்கேயும் போகவில்லை.

புயலின்போது பூமியைச் சுற்றி அயனிகளின் மின்னோட்டம் ஒன்று வலுத்து, உள்ளே இருக்கும் காந்தப் புலத்தைக் கொஞ்சம் பலவீனமாக்குகிறது. இது மணிக்கணக்கில் நடக்கிறது, 10 நிமிடத் தாளத்தைவிட மெதுவாக. ஆகவே எலெக்ட்ரான் தாளத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் புலத்துக்கு ஏற்ப வெளிப்பக்கம் விரிகிறது, விரியும்போது ஆற்றலும் கொஞ்சம் குறைகிறது. செயற்கைக்கோளோ அதே இடத்தில் அதே ஆற்றலுக்கான எண்ணியை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பார்வையில் கூட்டம் குறைந்துவிட்டது. புயல் தணிந்து புலம் பழைய நிலைக்கு வந்ததும் அதே எலெக்ட்ரான்கள் அதே ஆற்றலோடு அதே இடத்துக்குத் திரும்பிவிடும்.

எனவே ஆய்வாளர்கள் வெறும் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. அந்த நேரத்தின் காந்தப் புலத்தையும் சேர்த்து வைத்து, ஒவ்வொரு தாளத்துக்கும் உரிய மாறா அளவுகளைக் கணக்கிட்டு, அந்த அளவுகளைக் கொண்ட எலெக்ட்ரான்கள் உண்மையிலேயே குறைந்தனவா என்று பார்க்கிறார்கள். ஒரே ஒரு கலம் இருந்தால், அது நகரும்போது கண்ட மாற்றம் இடத்தால் வந்ததா நேரத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. 2012-இல் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கலங்களை அனுப்பியது அதற்காகத்தான். ஒன்று பூஜ்யத்துக்கு அருகே எண்ணும்போது, மற்றது அதே இடத்தைச் சற்று நேரம் கழித்துக் கடந்து, அந்தப் பூஜ்யம் எந்த வகை என்று சொன்னது.